கைக்குள் இறுகிய எலும்பு

ஆப்பிள்டன், விஸ்கான்சின்
2004 பிப்ரவரி 3

தம்பி ரெய்னோவுக்கு,

போனில் கத்திக் கத்தி என் தொண்டை போயிற்று. முப்பது வருஷம் மரம் அறுக்கிற இயந்திரத்தைக் காதோரம் வைத்து வேலை பார்த்தவனிடம் போனில் பேசுவது வீண். நேற்று நான் கேட்ட நாலு கேள்விக்கும் நீ "ஆமாம்" என்றாய். அதில் ஒன்று, உன் பெண்டாட்டி டோரீன் உன்னை அடிக்கிறாளா என்பது. அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தைத் திரும்பப் படிக்கலாம். இதைச் சமையலறையில் உன் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வை.

உன் முட்டிக்குள் என்ன செய்திருக்கிறது என்று டாக்டர் வெய்கண்ட் உன்னிடம் சொன்னார். மயக்கம் தெளியாத ஆளிடம் சொன்னார். நான் மறுபடி சொல்கிறேன். தொழுவத்துக் கூரையில் பனி தள்ளப் போய் வழுக்கி நின்ற காலோடு கீழே வந்தாயே, அப்போது உன் தொடை எலும்பு சம்மட்டி மாதிரி இறங்கிக் கீழ்க்கால் எலும்பின் தலையை அடித்திருக்கிறது. அந்தத் தலை தட்டையான ஒரு தளம். தொடை அதன் மேல்தான் உட்கார்ந்து உருளுகிறது. அதில் வெளிப்பக்கத்துத் துண்டு அரை அங்குலம் அமுங்கிவிட்டது. டாக்டர் எலும்பில் பக்கவாட்டில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி, உள்ளே இருந்து அந்தத் துண்டை மேலே தட்டித் தூக்கினார். தொழுவத்துத் தரை இறங்கினால் நீ ஜாக்கி வைத்துத் தூக்குவாய் அல்லவா, அதே வேலை. தூக்கிய பிறகு அடியில் பொந்து. அதை அடைக்கத்தான் செயற்கை எலும்பு. பொடியையும் திரவத்தையும் குழைத்தால் பற்பசை பதத்தில் இருக்கும். பொந்துக்குள் அழுத்தினால் இறுகிக் கல்லாகும். போகப் போக உன் எலும்பு அதைத் தின்றுவிட்டுத் தானே அங்கே வளரும். வெளியே ஒரு பிளேட், எட்டு ஸ்குரூ. எல்லாம் என் பெட்டியிலிருந்து போனது. நான் விற்பதிலேயே நல்ல சரக்கு.

ஆனால் எந்தச் சரக்கும் உன் எடையை இப்போது தாங்காது. பன்னிரண்டு வாரம் அந்தக் கால் தரையில் படக்கூடாது. ஏப்ரல் பதின்மூன்று வரை. மெல்ல வைத்தேன், பாதி எடைதான் வைத்தேன், குதிகாலை மட்டும் வைத்தேன் என்ற கதை எதுவும் வேண்டாம். இருபத்தெட்டு மாடு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. கறக்கிற இயந்திரத்தை மாட்டவும் நீ குந்தித்தான் ஆக வேண்டும். முட்டி மடங்காத ஆளுக்குப் பால் பண்ணை இல்லை. இதை நினைவில் வை, போதும்.

இன்னொன்று. சோதனைக்கு வரும்போது நான் உன் அக்கா என்று யாரிடமும் உளறிவிடாதே. சொந்தக்காரர்களை ஆபரேஷன் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். அங்கே நான் எல்மா பிரைஸ், பிளேட்டும் ஸ்குரூவும் விற்கிற பெட்டிக்காரி. பத்தொன்பது வருஷமாக அந்தச் சுவரோரம் நின்று எந்தப் பெட்டி, எந்த அளவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னை அவர்கள் கையில் விட்டுவிட்டு வெளியே காபி குடித்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. டோரீனிடமும் சொல்லி வை.

அக்கா
எல்மா


பெல்க்கி, மிஷிகன்
2004 பிப்ரவரி 15

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. டோரீன் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். வெண்ணெய் எடுக்கப் போனாலும் நீ திட்டுகிறாய்.

இந்த வாரம் மறுபடி இரண்டடி பனி. கூரைக்குப் பக்கத்துப் பண்ணை வில்ஹோ ஏறினான். காலையும் மாலையும் அவன்தான் கறக்கிறான். மாடுகளுக்கு அவன் கை பிடிக்கவில்லை. நேற்று ஒருத்தி வாளியோடு அவனையும் உதைத்தாள். உள்ளே வந்து, "உன் மாட்டுக்கும் உன் திமிருதான்டா" என்றான். "அதுக்காவது நாலு காலும் நல்லாருக்கு" என்றேன். டோரீன் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். டோரீனிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

நேற்று சனிக்கிழமை. மூன்றரை வாரமாகச் சவுனாவில் நீராவிக் குளியல் இல்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொள்கிறவன் நோயாளி அக்கா, மனிதன் இல்லை. நம் வீட்டில் பிறந்தவள் நீ, உனக்குத் தெரியாததா. டோரீன் காலையிலேயே அடுப்பை மூட்டிவிட்டுக் கடைக்குப் போனாள். அவளுக்காக மூட்டியது. நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போனேன். காலைத் தூக்கியே வைத்திருந்தேன். உள்ளே போனதும் பலகைத் தரை ஈரம். ஊன்றுகோல் வழுக்கிவிட்டது. எதிரே சூடேறிய கல்லடுப்பு. அதன் மேல் விழக்கூடாது என்று காலை ஊன்றி நடந்துவிட்டேன். மூன்று அடி. மூன்றே அடி. அதற்குள் பெஞ்சைப் பிடித்துவிட்டேன்.

வலித்தது. பிறகு அடங்கியது. வந்தது வந்தோம் என்று கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூரையிலிருந்து விழுந்த பிறகு அந்த ஒரு மணி நேரம்தான் நான் நானாக இருந்தேன்.

உன் சரக்கு மூன்று அடியைத் தாங்கும்தானே. எழுது.

ரெய்னோ


ஆப்பிள்டன்
2004 மார்ச் 8

ரெய்னோ,

புதன்கிழமை ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் பேசியது அதிகம். ஒப்புக்கொள்கிறேன். "மூணு அடி நடந்ததுக்குப் பதிலா கோடாலிய எடுத்து நீயே வெட்டிக்கிட்டிருக்கலாமே" என்று நான் சொன்னபோது டோரீனுக்கு விஷயமே தெரியாது என்பது என் நினைவில் இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. அதற்கு மேலும் நான் நிறுத்தவில்லை. கட்டுப் போடுகிற பெண் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குப் பேசினேன். நீ பதில் பேசியிருந்தால் நிறுத்தியிருப்பேன். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு நடந்தாய்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரேயை டாக்டர் விளக்குப் பலகையில் மாட்டி வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். நான் அங்கேயே நின்று வெகுநேரம் பார்த்தேன். தளம் மறுபடி இறங்கியிருக்கிறது. முழுவதும் இல்லை, கால் அங்குலம். இதற்கு வழி இருக்கிறது. மறுபடி திறந்து, தூக்கி, புதிதாக அடைத்து, வேறு பிளேட் வைக்கலாம். டாக்டர் உன்னிடம் சொன்னது இதுதான். ஆனால் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள். அதற்குப் பிறகு திறந்தால் மறுபடி உடைத்துத்தான் நிமிர்த்த வேண்டும். அதற்குள் மேலே இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்து போயிருக்கும். தேய்ந்த குருத்தெலும்புக்கு என் பெட்டியில் எதுவும் இல்லை. யார் பெட்டியிலும் இல்லை.

கோபத்தைத் தனியாக வைத்துக்கொள். காலை என்னிடம் கொடு. எந்தத் தேதி உனக்குத் தோது என்று எழுது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்மா


பெல்க்கி
2004 மார்ச் 21

அக்காவுக்கு,

கோபம் இல்லை. நீ சொன்னது சரி. அதனால்தான் பதில் பேசவில்லை.

டோரீன்தான் அன்று வீடு வரை ஓட்டினாள். வண்டியை நிறுத்திவிட்டு, "ஒரு மணி நேர வேதுக்கு முட்டியக் குடுத்துட்டியே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சாப்பாடு வைக்கிறாள், கட்டு மாற்றுகிறாள். சவுனாவை இப்போது மூட்டுவதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாதிரியார் வந்து ஜெபம் செய்தார். எழுந்து போகும்போது, "பொறுமையும் ஒரு வரம்தான் ரெய்னோ" என்றார். வில்ஹோ மட்டும்தான் நேராகக் கேட்டான். "சூடு நல்லா இருந்துச்சா?" இருந்தது என்றேன். "அப்ப சரி" என்று மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

நான் வரமாட்டேன்.

ஒரு மனிதனுக்கு நல்லபடியாகச் செய்து கொடுத்தீர்கள். டாக்டர் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். நீ உன் சரக்கிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்தாய். பன்னிரண்டு வாரம் காலைத் தூக்கி வைத்திரு என்றீர்கள். ஒரு குழந்தையால் முடிகிற காரியம். நான் மூன்றரை வாரத்தில் கெடுத்துவிட்டேன். இப்போது மறுபடி வந்து படுத்து, மறுபடி தூக்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது தடவையும் நான் எதையாவது செய்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

இது நானே தேடிக்கொண்டது. நானே வைத்துக்கொள்கிறேன். தேதி பார்க்காதே.

ரெய்னோ


ஆப்பிள்டன்
2004 ஏப்ரல் 12

ரெய்னோ,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். இரண்டு பதில் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

நீ கோணலாக யோசிக்கிறாய். சம்பளம் வாங்குகிற ஆள் தப்புச் செய்தால் தண்டனை சரி. முட்டிக்குத் தண்டனை கொடுத்து யாருக்கு என்ன லாபம்? மாடு தன் காலைத் தானே கம்பியில் கிழித்துக்கொண்டால், உன் தப்புதானே என்று விட்டுவிடுவாயா? மருத்துவரைக் கூப்பிட மாட்டாயா? டாக்டர் வெய்கண்ட் போன வாரமும் கேட்டார். "அந்தப் பால்காரர் வரலையே, மேடம். நாள் போய்க்கிட்டே இருக்கே." நான் என்ன சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்கப் புறப்பட்டேன். பாதி வழியில் இருக்கிற அயர்ன் மௌண்டன் வரை வந்தேன். அங்கே ஒரு கடையில் காபி குடித்தேன். வண்டியைத் திருப்பிவிட்டேன். சாலை சரியில்லை என்று வைத்துக்கொள்.

நீ மூன்று அடி, மூன்று அடி என்கிறாய். எல்லோரையும் அதை நம்ப வைத்துவிட்டாய். என்னையும்தான் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். கேள். உன் வயதில் இருக்கிற ஆள், மூன்றரை வாரத்தில், தடுமாறி மூன்று அடி வைத்தால் அது உடையக் கூடாது. வலிக்கும். ஒரு மயிரிழை இறங்கும். கால் அங்குலம் இறங்கக் கூடாது. இதற்கு மேல் கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. முதலில் வந்து ஆபரேஷனை முடி. பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசுவோம்.

இருபத்தேழாம் தேதி காலை முதல் ஆளாக உன்னை வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வர வேண்டியதுதான் பாக்கி. வந்துவிடு தம்பி.

எல்மா


பெல்க்கி
2004 மே 9

எல்மாவுக்கு,

இருபத்தேழாம் தேதி நான் வரவில்லை என்பது உனக்குத் தெரியும்.

கால் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. நிற்கும்போது முட்டி ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமுமாகப் போகிறது. மடக்கினால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம். நாலு நாளாகத் தையல் இருந்த இடத்தில் சிவந்து கொஞ்சம் ஈரம் கசிகிறது. டோரீன் துணி வைத்துக் கட்டியிருக்கிறாள். மாடுகளைப் பார்க்க ஒரு ஆள் அடுத்த மாதம் வருகிறான்.

உன் கடிதத்தை நானும் பத்துத் தடவை படித்தேன். எனக்கு வேறு வேலை இல்லை. நீ வியாபாரி. ஒரு வார்த்தையையும் சும்மா கொடுக்க மாட்டாய். வலிக்கும் என்று எழுதியிருக்கிறாய், இறங்கும் என்று எழுதியிருக்கிறாய். பிறகு, உடையக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் ஏன் உடைந்தது?

நேராகக் கேட்கிறேன். என் கால் ஏன் உடைந்தது என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுது. இல்லை என்றால் இனிமேல் எழுதாதே.

ரெய்னோ


ஆப்பிள்டன்
2004 மே 16

ரெய்னோ,

தெரியும்.

முதலில் இதைச் செய். இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டாவது செய். அந்த ஈரத்தை நாளைக்கே ஒரு டாக்டரிடம் காட்டு. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், எந்த ஊரானாலும் சரி. கசிகிறது என்றால் உள்ளே பிளேட் வரை போயிருக்கலாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது மற்றது.

அந்தச் செயற்கை எலும்பு உடம்புச் சூட்டில் இறுகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் யாரும் காலைத் தொடக்கூடாது. குளிரில் இன்னும் நேரம் எடுக்கும். சரக்கோடு வருகிற தாளில் இது அச்சிலேயே இருக்கிறது. எத்தனையோ டாக்டர்களுக்கு நானே படித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் தாளைப் பார்த்தும் கடிகாரத்தைப் பார்த்தும் வேலை செய்கிறவர்கள் குறைவு. வழக்கம் வேறு. குழைத்ததில் மிஞ்சியதை உருட்டி வைப்பார்கள். வேலை முடிந்த கரண்டியிலிருந்து நர்ஸ் அதை என் பக்கம் தள்ளுவார். நான் அதை ஓர் எஃகுக் கிண்ணத்தில் போட்டு வைத்து, அவ்வப்போது நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். நகம் இறங்காமல் போனால் "ஆச்சு டாக்டர்" என்பேன். கிண்ணம் குளிர்ச்சியாக இருக்கும். அதில் கிடக்கிற உருண்டையே இறுகிவிட்டது என்றால் உள்ளே எப்போதோ இறுகியிருக்கும். பத்தொன்பது வருஷத்தில் அந்த உருண்டை என்னை ஏமாற்றியதில்லை.

அன்றைக்கு நான் அதைக் கிண்ணத்தில் போடவில்லை. கையில் வாங்கினேன். அப்படியே வைத்திருந்தேன்.

உன் தொடையில் ரத்தம் ஓடாமல் இருக்கப் பட்டை கட்டி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கால் மெழுகு நிறமாகிவிட்டது. திரைக்கு மேலே உன் நெற்றி தெரிந்தது. சின்ன வயதில் ஏரியில் பனிக்கட்டி உடைந்து விழுந்தபோது உன்னை இழுத்துப் போட்டோமே, அன்றைக்கு இருந்த நிறம். எத்தனை பேருடைய காலையோ பார்த்திருக்கிறேன், சாண்ட்விச் என்ன வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் கை தானாக மூடிக்கொண்டது. மூடி இறுக்கிக்கொண்டே நின்றேன். ஆறாவது நிமிடத்தில் உருண்டை கல்.

டாக்டர் கேட்டார். "எல்மா, ஆச்சா?"

"ஆச்சு டாக்டர்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் ஆகலையே."

"கல்லு மாதிரி இருக்கு டாக்டர். பட்டை கட்டி ரொம்ப நேரமாச்சு, அவுத்துடலாமே."

அதை நான்தான் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதிலோடு நிறுத்தியிருந்தால் அவர் இன்னும் நாலு நிமிடம் நின்றிருப்பார். உனக்கு ரத்தம் ஓட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

அவர் கடைசி ஸ்குரூவுக்குத் துளை போட்டார். பிறகு முட்டியை மடக்கிப் பார்த்தார். ஈரத்துணிக்குள் பிஸ்கட்டை ஒடித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரே திரையைப் பார்த்தேன். திரையில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தைத்து முடித்தார்.

அன்று வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிற வழியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. என் கையின் சூட்டில் இறுகியது. உன் கால் குளிர்ந்து கிடந்தது. உள்ளே அது இன்னும் பசையாகத்தான் இருந்திருக்கும். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். படம் நன்றாக இருந்ததே, தாங்கிவிடும் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு நீ மூன்று அடி நடந்ததாக எழுதினாய். உண்மையைச் சொல்லத்தானே கேட்டாய். அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பயம் வரவில்லை ரெய்னோ. நிம்மதி வந்தது.

மார்ச் மூன்றாம் தேதி விளக்குப் பலகை முன்னால் நின்றபோது அந்த நிம்மதியும் போயிற்று. இறுகிய சரக்கு எடை தாங்காமல் இறங்கினால் ஒரே கட்டியாக இறங்கும். உன் எலும்புக்குள் அது தூள் தூளாகக் கிடந்தது. இறுகும்போதே நொறுக்கப்பட்ட சரக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கு அது தெரியும், விற்கிறவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். பார்த்துவிட்டு நடைபாதைக்கு வந்தேன். நீ நின்றிருந்தாய். உன்னைப் பார்த்துக் கத்தினேன்.

அந்த மூன்று அடி இல்லாமலே அது இறங்கியிருக்கும். டோரீனிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. வில்ஹோவிடம், பாதிரியாரிடம், யாரிடம் வேண்டுமானாலும் கொடு.

ஏன் இத்தனை நாள் என்று கேட்பாய். பொட்டலம் கட்டுகிற வேலையில் சேர்ந்து, வண்டியில் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி, ஒரு டாக்டர் என்னைப் பார்த்து "ஆச்சா" என்று கேட்கிற இடத்துக்கு வந்தேன். சொன்னால் அந்த இடம் போய்விடும். அதுதான் காரணம். நீ ஆபரேஷனுக்கு வந்துவிட்டால் சொல்லாமலே சரியாகிவிடும் என்று பார்த்தேன். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

எல்மா


ஆப்பிள்டன்
2004 ஜூன் 9

ரெய்னோ,

பதில் இல்லை. எதிர்பார்க்கவில்லை. இரண்டு தடவை போன் செய்தேன். டோரீன் எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். கால் என்ன ஆயிற்று, யாரிடமாவது காட்டினாயா என்று ஒரு வரி மட்டும் அவளை எழுதச் சொல்.

திங்கட்கிழமை டாக்டர் வெய்கண்ட் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீ என் தம்பி என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அதைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டார். "தம்பின்னு தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட அந்தக் கேள்வியக் கேட்டே இருக்க மாட்டேன்" என்றார். உருண்டையைக் கையில் வைத்திருந்ததைச் சொன்னேன். நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பினார். பிறகு, "சத்தம் எனக்கும் கேட்டுச்சு. படம் நல்லா இருக்கேன்னு நானும்தான் விட்டேன்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அன்று மதியமே ஆஸ்பத்திரி மேலாளரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. தியேட்டருக்குள் நான் இனி வரக்கூடாது. மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் சேதி போகாமல் இருக்காது. பெட்டிகளைச் சரக்குக் கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். இதை உன்னிடம் ஈடாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

டாக்டர் உனக்கும் எழுதியிருக்கிறார். தான் செய்வதில் உனக்குச் சம்மதம் இல்லை என்றால் பெரிய ஊரில் வேறு ஒருவரை ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அதை மறுக்காதே. என் மேல் இருக்கிற கோபத்துக்கு அதை மறுக்காதே.

எல்மா


பெல்க்கி
2004 ஆகஸ்ட் 29

எல்மாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. எழுதுகிற நிலையில் நான் இல்லை. இப்போது உட்கார முடிகிறது.

ஜூன் மாதம் டாக்டர் சொன்ன பெரிய ஊருக்கே போனோம். டோரீன் ஓட்டினாள். சீழ் எலும்புக்குள் போயிருந்தது. முதலில் பிளேட்டையும் ஸ்குரூவையும் எடுத்தார்கள். உன் சரக்கை ஈரமணல் மாதிரி வழித்து எடுத்தார்களாம். ஐந்து வாரம் கையில் ஊசியோடு படுத்திருந்தேன். அந்த டாக்டர் இளைஞன், நல்லவன். செயற்கை மூட்டு சீழ் பிடித்த எலும்பில் நிற்காது என்றான். முட்டியை எடுத்துவிட்டுத் தொடையையும் கீழ்க்காலையும் சேர்த்து ஒரே எலும்பாக்கிவிட்டான். இனி வலி இருக்காது, நிற்கலாம், நடக்கலாம். மடங்காது.

கட்டுப் போடும்போது அவன் கேட்டான். "ஏப்ரல்லயே வந்திருந்தா முட்டியக் காப்பாத்தியிருக்கலாம் சார். ஏன் வரல?"

"நம்ம தப்புதானேன்னு இருந்துட்டேன்" என்றேன்.

மாடுகள் ஜூலையில் போய்விட்டன. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வில்ஹோ ஏற்றிவிட்டான். கடைசி மாடு ஏற மறுத்ததாம், அதை மட்டும் அவனே வைத்துக்கொண்டான்.

உன் மே மாதக் கடிதத்தை டோரீனிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் நின்றாள். உள்ளே வந்து, "நான் உன்ன மூணு மாசம் பேசாம கொன்னுருக்கேன்" என்றாள்.

கேள். அந்த ஆறு நிமிடத்தை, உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே நான் மனதிலிருந்து விட்டுவிட்டேன். அது கடினமாக இல்லை. என்னைப் பார்த்துத்தானே கையை மூடினாய். என் காலில் ரத்தம் ஓட வேண்டும் என்றுதானே அவசரப்பட்டாய். யாரும் செய்வார்கள். மார்ச் மூன்றிலிருந்து மே பதினாறு வரை இருக்கிறதே, அதை விட முடியவில்லை. முயன்று பார்த்தேன். இரவு பகலாக அதற்கு நேரம் இருந்தது. அந்த நாட்களில் நீ தேதி குறித்தாய், கெஞ்சினாய், பாதி வழி வந்து திரும்பினாய். ஒரு வரி எழுதியிருந்தால் நான் மறுநாளே வந்திருப்பேன். உன் தப்பு என்று தெரிந்திருந்தால் வந்திருப்பேன் எல்மா. என் தப்பு என்று நினைத்ததால்தான் வரவில்லை.

வில்ஹோ சனிக்கிழமை உருளைக்கிழங்கு தோண்ட வருகிறான். டோரீன் உன்னையும் கூப்பிடவா என்று கேட்கிறாள். உன் இஷ்டம் என்றேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

வருவதானால் ஒன்று தெரிந்துகொள். சமையலறை மேசைக்கு அடியில் இந்தக் கால் அடங்குவதில்லை. நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு உட்காருகிறேன். கால் வாசலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அதைச் சுற்றித்தான் போகிறார்கள். நீயும் சுற்றித்தான் வர வேண்டும்.

ரெய்னோ